சட்டாம்பிள்ளையின் பதினொரு நிமிடம்

ஒரு மனுஷியின் கணையத்திலிருந்து ஊசி வழியாக எடுக்கும் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சேமியாவைப் பாதியாக உடைத்து, அந்தப் பாதியையும் நகத்தால் கிள்ளினால் எவ்வளவோ, அவ்வளவுதான். அந்தக் கிள்ளலை வைத்துக்கொண்டுதான் ஒருத்தி பிழைப்பாளா மாட்டாளா, வயிற்றைக் கிழிப்பதா மூடி வைப்பதா என்று முடிவு செய்கிறார்கள்.

கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் அந்தக் கிள்ளலைக் கையில் வாங்கும் வேலை பூங்கோதைக்கு. பதினெட்டு வருடமாக அவள் செய்துவந்தது அந்த ஒரே வேலை. டாக்டர் தீனதயாளன் நோயாளியின் வாய் வழியாகக் குழாயை விடுவார். குழாயின் நுனியில் ஒலியால் பார்க்கும் கண் ஒன்று இருக்கும். அது குடலுக்குள் போய் நின்றுகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணையத்தைத் திரையில் காட்டும். கட்டி தெரிந்ததும் அதே குழாய்க்குள்ளிருந்து ஒரு ஊசி நீளும். குடல் சுவரைத் தாண்டிக் கட்டிக்குள் இறங்கி, ஒரு துளி சதையோடு திரும்பி வரும். அந்தத் துளியில் வெள்ளை நூல் மாதிரி சதை இருக்கிறதா, வெறும் ரத்தம்தானா என்று பார்த்து, "போதும் சார்" அல்லது "போதாது சார்" என்று குரல் கொடுப்பாள் பூங்கோதை. போதாது என்றால் டாக்டர் மறுபடி குத்துவார். ஒவ்வொரு குத்தும் கணையத்தைச் சீண்டுவதுதான். கணையம் கோபக்கார உறுப்பு. ரொம்பச் சீண்டினால் வீங்கிக்கொண்டு ஆளையே சாய்த்துவிடும்.

முன்பெல்லாம் அவள் அந்தச் சதையைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, எல்லாம் செத்த பிறகுதான் பார்க்க முடியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் புதுக் கருவி ஒன்று வந்தது. இட்லிப் பானை அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு தட்டு, தட்டில் உடம்புச் சூட்டில் ஒரு நீர். ஊசியிலிருந்து வந்த துண்டை அதில் விட்டு மூடியைப் போட்டால், அந்தத் துண்டு சாகாது. பதினொரு நிமிடம் உயிரோடு இருக்கும். அந்த நேரத்துக்குள் கருவி ஒளியால் அதைத் தடவித் தடவிப் பார்த்து முடிவைச் சொல்லும். பச்சை விளக்கு என்றால் போதும், மஞ்சள் என்றால் போதாது. பச்சை எரிந்தால் படங்கள் சென்னையில் இருக்கும் நிபுணருக்குத் தாமாகவே போய்விடும். மஞ்சள் எரிந்தால் யாருக்கும் எதுவும் போகாது. படத்தைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டு, கருவி தட்டைக் கழுவிக்கொள்ளும்.

வகுப்பில் வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதி வைப்பானே ஒருவன், அவன் ஞாபகம் வந்து நர்சுகள் அதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அது வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் பூங்கோதை திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திராட்சைக் கொத்துகளாகச் செல்கள். கொத்துகளுக்கு நடுவே அங்கங்கே, இன்சுலின் சுரக்கும் சின்னச் சின்னத் தீவுகள். சட்டாம்பிள்ளை தட்டில் ஒரு சொட்டுச் சர்க்கரை நீரை விட்டது. உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது செய்கிற சோதனை அது. சொட்டு விழுந்து மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. தீவின் ஒரு ஓரத்தில் ஒரு செல் மினுங்கியது. அடுத்தது மினுங்கியது. பிறகு தீவு முழுக்க ஒரு ஒளி அலை ஓடி, அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. திரும்பவும் ஓடியது. உடம்பை விட்டு வெளியே வந்து, தனக்குச் சொந்தக்காரி பக்கத்துக் கட்டிலில் மயக்கத்தில் கிடக்க, இந்தக் கிள்ளல் மட்டும் அவள் சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. பூங்கோதைக்குக் கையுறை போட்ட கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

"சார், வந்து ஒரு நிமிஷம் பாருங்க. பாக்கறதுக்கு அவ்வளவு அழகா இருக்குதுங்க."

"அழகை வெச்சு நான் என்ன ரிப்போர்ட் எழுதறது பூங்கோதை? பச்சையா மஞ்சளா, அதைச் சொல்லுங்க."

"மஞ்சளுங்க சார்."

டாக்டர் மறுபடி குத்தினார்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. தனியாகவே பார்த்துக்கொண்டாள். விளக்கு எரிந்ததும் எந்த நிறமோ அதைச் சத்தமாகச் சொல்வாள். வேலை அதுதானே.

கருணாம்பிகை அந்த அறைக்கு மூன்றாம் தடவையாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நாற்பத்தேழு வயது. அங்கே தைக்கிற வேலையையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டு பல வருடமாகிறது. கடைசியில் பீசைக் கையில் பிடித்து, பழுது இருக்கிறதா என்று பார்க்கிற வேலை மட்டும் இன்னும் மனுஷக் கையில். வெளிநாட்டுக்காரன் அப்படித்தான் கேட்கிறான்.

மார்கழி மாதம் அவளுக்குக் கண் மஞ்சளானது. கணவர் சென்னியப்பன் டெம்போ ஓட்டுகிறவர். காமாலைதானே என்று நாற்பது நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்ததில் கணையத்தின் தலைப் பக்கம் ஒரு கட்டி. முதல் தடவை ஊசியை இரண்டு முறை விட்டார்கள். சட்டாம்பிள்ளை போதாது என்றது. ஒரு மாதம் கழித்து மூன்று முறை விட்டார்கள். அதுவும் போதாது. அந்தத் தடவை கணையம் வீங்கிக்கொள்ள, ஆறு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. மூன்று தடவையும் போதாது என்று வந்தால், சந்தேகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது, நேரே அறுவை. கணையத்தின் தலை, குடலின் தொடக்கம், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தை ஒன்றோடொன்று பொருத்தித் தைக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஆகும். "எடுத்துட்டுத் திரும்ப ஜாயின்ட் அடிச்சுருவீங்களா?" என்று சென்னியப்பன் குழாய் வேலைக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமைக்கே அவள் பெயருக்குக் கட்டில் ஒதுக்கியாகிவிட்டது.

கையில் கட்டிய பட்டையில் பெயரைச் சரிபார்க்கப் பூங்கோதை வந்தபோது, கருணாம்பிகை பச்சை அங்கியில் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அம்மிணி, உங்க சட்டாம்பிள்ளைக்கு இன்னைக்காச்சும் பசி அடங்குமா?"

"அடங்குமுங்க்கா. தைரியமா இருங்க."

"தைரியத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்லை. எனக்கு வெளங்கோணும், அவ்வளவுதான். போதாது போதாதுங்கறீங்களே, எதுல கொறை? எங்கிட்டக் கொறையா, ஊசியில கொறையா?"

"ஊசியில வர்றது சில நேரம் வெறும் ரத்தமா இருக்குமுங்க்கா. சில நேரம் சதை வரும், ஆனா அதுல சட்டாம்பிள்ளை தேடறது இருக்காது."

"அது எவ்வளவு நேரம் தேடும்?"

"ரத்தம்னா ரெண்டு விநாடி. கழுவி வுட்டுரும். புத்துநோய் இருந்துச்சுன்னா நாப்பது விநாடிக்குள்ள பச்சை எரிஞ்சுரும்."

"எனக்கு?"

"உங்களுது..." பூங்கோதை யோசித்தாள். "உங்களுது பதினொரு நிமிஷமும் பாத்துச்சுங்க. முழுசா. அப்புறந்தான் மஞ்சள்."

கருணாம்பிகை புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏனம்மிணி, நான் இருபத்தாறு வருஷமா பீசு பாக்கறேன். ஓட்டை வுழுந்த பீசைக் கையில எடுத்ததுமே தெரிஞ்சுரும். ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவேன். ஒரு பழுதும் இல்லாத பீசைத்தான் கழுத்துல ஆரம்பிச்சு, கை, ஓரம், உள்பக்கம்னு கடைசி வரைக்கும் பாக்கோணும். நல்ல பீசுக்குத்தான் நேரமாகும்."

"அது துணிங்க்கா."

"இரு, சொல்லி முடிக்கறேன். புதுசா வேலைக்கு வர்ற புள்ளைங்க என்ன செய்யும் தெரியுமா? பழுதைக் கண்டுபிடிச்சாத்தான் ஒழுங்காப் பாத்ததா அர்த்தம்னு நெனைச்சுக்கும். ஒண்ணும் கெடைக்கலீன்னா பயம். நான் வந்து திட்டிப்புடுவேன்னு அந்த நல்ல பீசையே திருப்பித் திருப்பி இழுத்துப் பாக்கும். இழுத்து இழுத்து, கடைசியில அதுகளே தையலைப் பிரிச்சு வுட்டுரும். அப்புறம் எங்கிட்ட ஓடியாரும், அக்கா பழுது இருக்குதுங்கன்னு."

வண்டி தள்ளுகிறவர் வந்துவிட்டார். பூங்கோதை சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்துவிட்டாள். மயக்க மருந்து ஏறும்போது கருணாம்பிகை, "சென்னியப்பன் டீக்கடைக்குப் போயிருப்பாரு, தேடாதீங்க" என்று சொன்னதுதான் கடைசி.

குழாய் உள்ளே போனது. டாக்டர் கட்டியைப் பிடித்தார். ஊசி இறங்கி ஏறியது. வந்த துண்டு அருமையாக இருந்தது, நல்ல வெள்ளை நூல், ஒரு விரல் நகத்தின் அகலத்துக்கு. பூங்கோதை அதைத் தட்டில் விட்டு மூடினாள். நாற்பது விநாடி போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. சட்டாம்பிள்ளை மெதுவாக, ஒரு மூலையிலிருந்து தடவிக்கொண்டே வந்தது.

திரையில் திராட்சைக் கொத்துகள். தீவுகள். சர்க்கரைச் சொட்டுக்குத் தீவில் அலை எழும்பியது. கொத்துகளைச் சுற்றிக் கடுகைக் கொட்டிவைத்த மாதிரி சின்ன வட்டச் செல்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. அவற்றின் நடுவே நார்கள், ஆற்றில் சுழி விழுவதுபோல வளைந்து வளைந்து ஓடின. இதே சுழிகளைப் போன தடவையும் பார்த்தோமே என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு முந்திய தடவையும் பார்த்தோம். எவ்வளவு அழகு என்று நின்று பார்த்தோம்.

நல்ல பீசுக்குத்தான் நேரமாகும்.

அவள் பக்கத்துத் திரையில் பழைய பதிவுகளைத் திறந்தாள். கருணாம்பிகை, முதல் தடவை, முதல் குத்து, இரண்டு விநாடி, ரத்தம். இரண்டாம் குத்து, பதினொரு நிமிடம். இரண்டாம் தடவை, மூன்று குத்து, மூன்றும் பதினொரு நிமிடம். எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே சொல். ரத்தத்துக்கும் போதாது, இதற்கும் போதாது.

மஞ்சள் எரிந்தது.

"என்ன பூங்கோதை, சத்தத்தையே காணோம்?" டாக்டர் திரும்பாமலே கேட்டார்.

"சார், இதுக்கு நல்ல மாதிரின்னு எதைக் காட்டிப் பழக்குனாங்க?"

"இப்பவா கேக்கறது அதை? பெரிய பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகள்லேர்ந்து வாங்கினாங்க. எந்த மாதிரியிலெல்லாம் டாக்டரால நோயைக் கண்டுபிடிக்க முடிஞ்சுதோ, அதெல்லாம் நல்ல மாதிரி. முடியாததெல்லாம்..."

அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஊசியைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

"புத்து இல்லாதவங்க சதையைக் காட்டினா அது என்ன சொல்லும் சார்?"

மயக்க மருந்து கொடுக்கிறவர் நாடித் துடிப்பைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"போதாதுன்னுதான் சொல்லும்," என்றார் டாக்டர் மெதுவாக. "கிடைக்கிற வரைக்கும் கேக்கும்."

"மறுபடி குத்தாதீங்க சார்."

"குத்தலைன்னா இது மூணாவது போதாது. வெள்ளிக்கிழமை அறுக்க வேண்டியதுதான். குத்தினா ஒருவேளை கிடைக்கும்."

"கிடைக்காதுங்க சார். இல்லாதது எப்படிக் கிடைக்கும்? இதைச் சென்னைக்கு அனுப்பலாம். மேடம் பாக்கட்டும்."

"மஞ்சளை அது அனுப்பாதே."

"ஆள் பொறுப்புன்னு ஒரு பொத்தான் இருக்குதுங்களே."

இருந்தது. வாங்கின நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. சட்டாம்பிள்ளை போதாது என்றதை ஒரு ஆள் போதும் என்று மாற்ற வேண்டுமானால் கட்டைவிரலை வைக்க வேண்டும். அதன் பிறகு அந்த முடிவு கருவியுடையது அல்ல, விரலுக்குச் சொந்தக்காரருடையது. தப்பாகப் போனால் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள்.

"பூங்கோதை, ஒண்ணு யோசிச்சுக்கோங்க. நீங்க போதும்னு சொல்லி, அவங்க இல்லைன்னு எழுதி, அப்புறம் அது புத்தா இருந்துச்சுன்னா, கட்டி உள்ளேயே வளர்ந்துட்டு இருக்கும். உங்க வேலை போறது இருக்கட்டும். இவங்க போயிருவாங்க."

அவள் யோசித்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் சொன்ன போதும்களுக்கெல்லாம் பின்னால் ஒரு டாக்டரோ ஒரு விளக்கோ நின்றிருக்கிறது. இப்போது திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. திரையில் அந்தத் தீவு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அலை மெல்ல மெல்லச் சிறுத்தது. இன்னும் அரை நிமிடத்தில் சட்டாம்பிள்ளை தட்டைக் கழுவிவிடும், அந்தப் பொத்தானும் அணைந்துவிடும்.

கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்தாள்.

சென்னையிலிருந்து டாக்டர் மீனலோசனியின் முகம் திரையில் வர ஆறு நிமிடமாயிற்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் பார்த்தார். ஒரு முறை பார்த்து, ஓட்டி, மறுபடி பார்த்தார்.

"இதைப் போதாதுன்னு யாரு சொன்னது?"

"கருவிதான் மேடம்," என்றார் தீனதயாளன்.

"இதுக்கு மேல எனக்கு என்னய்யா வேணும்? உயிரோட, அசையறதோட, எல்லாம் வந்திருக்கு. இந்த மாதிரி ஒண்ணைப் பாத்து எத்தனை நாளாச்சு." குரல் தணிந்தது. "அந்தக் கடுகு மாதிரி இருக்கறவங்க தெரியறாங்களா? உடம்போட காவல்காரங்க. யாரோ திருடன் வந்துட்டான்னு தப்பா நெனைச்சு, சொந்த வீட்டுக்குள்ளயே கூட்டமா கூடி நிக்கறாங்க. அந்தச் சுழியெல்லாம் அவங்க நடந்த தடம். அதனாலதான் கட்டி மாதிரி வீங்கியிருக்கு. இது புத்து இல்லை. ரத்தத்துல ஒரு பரிசோதனை பண்ணிக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை குடுங்க, ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன் பாருங்க."

"மாத்திரையா?"

"மாத்திரைதான். எழுதித் தரேன். யாரு இதை அனுப்பினது?"

தீனதயாளன் பூங்கோதையைக் காட்டினார். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்தார்கள். ஆறு வாரத்தில் கருணாம்பிகையின் கட்டி இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. ஸ்கேன் பார்த்த தீனதயாளன் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூங்கோதையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இதற்கு நடுவே பூங்கோதை இன்னொன்றும் செய்திருந்தாள். சட்டாம்பிள்ளையின் இரண்டு வருடப் பதிவையும் எடுத்து, போதாது என்று முடிந்தவற்றில் பதினொரு நிமிடம் ஓடியவற்றை மட்டும் பொறுக்கினாள். கருணாம்பிகை தவிர முப்பத்தெட்டுப் பேர். படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மீனலோசனி ஒன்பது நாள் உட்கார்ந்து பார்த்தார். முப்பத்தோரு பேருக்கு முதல் தடவையிலேயே பதில் இருந்தது. சிலருக்குச் சும்மா வீக்கம், சிலருக்குக் கருணாம்பிகைக்கு வந்தது. அவர்களில் இருபத்திரண்டு பேர் இன்னும் மறு ஊசிக்கோ அறுவைக்கோ காத்திருந்தார்கள். மீதி ஒன்பது பேரை அறுத்தாயிற்று.

நீங்கள் கேட்கலாம், அறுத்து எடுத்த பிறகு அதைச் சோதிப்பார்களே, அப்போது புத்து இல்லை என்று தெரிந்திருக்குமே என்று. தெரிந்ததுதான். ஒன்பது பேருக்கும் சொன்னார்கள், நல்ல வேளை, புத்து இல்லை என்று. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு யார் கேள்வி கேட்பார்கள்? லட்டு வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கருவி செய்த கம்பெனியின் பொறியாளரிடம் பூங்கோதை போனில் பேசியபோது அந்த ஆள் அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு, "நாங்க அதுக்குக் குடுத்தது போதும், போதாதுன்னு ரெண்டே வார்த்தைங்க. உயிர் இருக்கற வரைக்கும் பாருன்னு சொன்னோம். பாத்தது நல்லா இருந்தா என்ன சொல்றதுன்னு சொல்லித் தரலை" என்றார்.

ஸ்கேன் முடிவு வாங்கிய அன்று கருணாம்பிகை பூங்கோதையின் அறையைத் தேடி வந்தாள். கன்னம் மாத்திரையால் உப்பியிருந்தது. கையில் ஒரு பை. அதில் ஆறு பனியன்.

"உங்க ஊட்டுல எத்தனை பேருன்னு தெரியல. எல்லா சைஸும் போட்டிருக்கேன். ஒரு பழுது இருக்காது, நான் பாத்தது."

"உக்காருங்க்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

பூங்கோதை சொன்னாள். முதல் தடவையே பதில் இருந்தது என்று சொன்னாள். "அன்னைக்கு நான் பாத்துட்டுத்தான் இருந்தேனுங்க்கா. பதினொரு நிமிஷமும் கண்ணெடுக்காமப் பாத்தேன். அவ்வளவு அழகா இருந்துச்சு. மஞ்சள் எரிஞ்சதும் போதாதுன்னு சத்தமாச் சொன்னதே நான்தான். ரெண்டாந்தடவையும் நான்தான். அதனாலதான் நீங்க ஆறு நாள் அப்படிக் கெடந்தீங்க."

கருணாம்பிகை பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னை மாதிரி எத்தனை பேரு?"

எண்களைச் சொன்னாள். ஒன்பது பேரையும் சொன்னாள். காத்திருக்கிறவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, அந்த ஒன்பது பேருக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள் என்றும் சொன்னாள். போனது போயிற்று, சந்தோஷமாக இருக்கிறவர்களை எதற்குக் கலைக்க வேண்டும் என்கிறார்கள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். அந்த வெள்ளிக்கிழமை என்னை அறுத்திருந்தா, அதுக்கப்புறம் இதெல்லாம் உங்களுக்குத் தெரிய வந்திருந்தா, எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

பூங்கோதை அவள் முகத்தைப் பார்த்தாள். நல்ல பதில் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"சொல்லியிருக்க மாட்டேனுங்க்கா. நீங்களும் லட்டு கொண்டாந்திருப்பீங்க. நானும் ஒண்ணு எடுத்துத் தின்னிருப்பேன்."

கருணாம்பிகை எழுந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் பூங்கோதை நினைத்தாள். அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போனை எடு கண்ணு. நான் பக்கத்துல இருக்கேன்."

பட்டியலில் முதலில் இருந்தவர் ஆறுச்சாமி. ஆனைமலைப் பக்கம் தேங்காய் நார் மில் வைத்திருப்பவர். அறுபத்திரண்டு வயது. மணி நாலைந்து தடவை அடித்தது.

"ஆருங்க?"

பூங்கோதை தன் பெயரையும் மருத்துவமனையையும் சொன்னாள். பின்னால் நார் அடிக்கிற இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"அடடே, நல்லா இருக்கேனுங்க. எடுத்தாச்சல்லங்க, அதனால சர்க்கரைக்கு ஊசி மட்டும் ரெண்டு வேளை போட்டுக்கறேன். சோறு கொஞ்சம் கொறைஞ்சு போச்சு. போகட்டும், புத்து இல்லைன்னு ஆச்சே, அது போதாதா. அன்னைக்கு லட்டு குடுத்தேனே, நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேனுங்க." பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். "அய்யா, அந்தப் புத்து இல்லைங்கறது, அறுக்கறதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணுமுங்க. ஊசியில எடுத்ததுலயே இருந்துச்சு. நாங்க சரியாப் பாக்கலீங்க. மாத்திரையில சரியாயிருக்கும். அறுத்திருக்க வேண்டியதில்லீங்க."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, "அதை நிறுத்து" என்றார். இரைச்சல் அடங்கியது. கருணாம்பிகை பூங்கோதையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசியில எடுத்தீங்கல்ல," என்றார் ஆறுச்சாமி. "அதை எப்படிப் பாத்தீங்க? உசுரோடயா?"

"உசுரோடதாங்க. பதினொரு நிமிஷம்."

"வேலை செஞ்சுட்டு இருந்துச்சுங்களா?"

"செஞ்சுட்டு இருந்துச்சுங்க. கொஞ்சம் வீங்கியிருந்துச்சு. ஆனா வேலையை வுடலீங்க."

அவர் மில்லை விட்டு வெளியே நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

"அறுத்து எடுத்ததை எங்கிட்டக் காட்டலீங்க. கேட்டேன். எரிச்சாச்சுன்னாங்க. அறுபது வருஷமா உள்ளுக்குள்ள இருந்தது, எப்படி இருக்கும்னுகூட நான் பாத்ததில்லை. அந்தப் பதினொரு நிமிஷம் இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அய்யா. முழுசா இருக்குது."

"கோவப்படறதை அப்புறம் படறேன். மொதல்ல அதைப் பாத்துக்கறேன். நாளைக்கு மொத பஸ்ஸுக்கே வந்துர்றேனுங்க. சம்சாரத்தையும் கூட்டிட்டு வரலாங்களா?"

"கூட்டிட்டு வாங்க," என்றாள் பூங்கோதை. "ரெண்டு பேரும் உக்காந்து பாக்கற மாதிரி நாற்காலி போட்டு வெக்கறேன்."